பாலைவன மலையில் ஆஃப்-ரோடு சுற்றுலா: கைடு இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் நெவாடா, அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களின் பாலைவன மலைகளில் ஆஃப்-ரோடு சுற்றுலாவுக்குப் பஞ்சமில்லை. காலையில் கிளம்பி, மண் பாதையில் மலையேறி, தங்கமும் வெள்ளியும் தீர்ந்ததும் மக்கள் விட்டுப்போன சுரங்க ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். கைடு கூடவே வருகிறார் என்பதால் பலர் எதையும் யோசிக்காமல் ஏறிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கைடுக்குப் பாதை தெரியும், வண்டி தெரியும். உங்கள் முதுகுவலி பற்றியோ, காலையில் தண்ணீர் குடித்தீர்களா என்பது பற்றியோ அவருக்கு எதுவும் தெரியாது. கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் நீங்கள் நாலடி எடுத்துவைக்கும் அந்த நிமிடத்தில் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றும் சொல்ல முடியாது.

பணம் கட்டும் முன் கேட்காமல் விடுவது

யார் ஓட்டப்போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஜீப் சுற்றுலா என்றால் பெரும்பாலும் கைடே ஓட்டுவார், நீங்கள் உட்கார்ந்து வரலாம். யுடிவி அல்லது சைடு-பை-சைடு (பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், மேலே இரும்புச் சட்டம் உள்ள சின்ன ஆஃப்-ரோடு வண்டி) என்று போட்டிருந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும்; கைடு முன்னால் வேறு வண்டியில் போவார். இரண்டும் முற்றிலும் வேறு அனுபவம். இரண்டாவதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும், வயது வரம்பு உண்டு, வண்டிக்குச் சேதம் வந்தால் யார் கட்டுவது என்ற ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை நின்று படியுங்கள். கூடுதல் காப்பீடு எடுத்திருந்தாலும் வண்டி கவிழ்ந்தால் அது செல்லாது என்று எழுதியிருக்கக்கூடும். வாடகைக் காரில் கூடுமிடத்துக்குப் போவதாக இருந்தால், மண் சாலையில் ஓட்ட அந்தக் கார் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். பல ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை.

எந்த மாதிரி ஊரைப் பார்க்கப்போகிறோம் என்று விசாரிக்காமல் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. இப்படி விட்டுப்போன ஊரை கோஸ்ட் டவுன் என்பார்கள், ஆனால் எல்லா கோஸ்ட் டவுனும் ஒன்றல்ல. 1881-இல் வெள்ளிச் சுரங்க ஊராகத் தொடங்கிய கலிஃபோர்னியாவின் காலிகோ, 1950-களில் புதுப்பிக்கப்பட்டு இன்று கடைகளும் நுழைவுக் கட்டணமும் உள்ள பூங்காவாக இருக்கிறது. அரிசோனாவின் ஓட்மேனில் இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள், தெருவில் கழுதைகள் திரிகின்றன. நெவாடாவின் ரியோலைட் அசல் இடிபாடு: 1908-இல் முடிந்த மூன்று மாடி வங்கிக் கட்டடத்தின் சுவர்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன, 1906-இல் காலி பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீடும் இருக்கிறது, 1916-இல் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். நெவாடாவின் நெல்சன் என்ற சிற்றூர் அருகே உள்ள டெக்காடிகப் சுரங்கம் தனியார் இடம். அங்கே நிற்கும் பழைய லாரிகளில் பல பின்னாளில் கொண்டுவந்து வைத்தவை. என்னைக் கேட்டால், வரலாறு வேண்டுமென்பவர்கள் ரியோலைட்டுக்கும் குழந்தைகளோடு வருபவர்கள் காலிகோவுக்கும் போகலாம்.

இந்தப் பாலைவனப் பகுதிகளில் நிறைய நிலம் அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை வசம் இருக்கிறது. அந்த நிலத்தில் கட்டணம் வாங்கிச் சுற்றுலா நடத்த அனுமதி வேண்டும். அனுமதி இருக்கிறதா, கைபேசி எடுக்காத இடத்தில் உதவிக்கு அழைக்க சாட்டிலைட் கருவி வைத்திருக்கிறார்களா என்று இரண்டையும் கேளுங்கள். நல்ல நிறுவனம் இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும்.

உடம்பைப் பற்றியும் மறைக்காதீர்கள். மூன்று மணி நேரம் குலுங்கும் இருக்கை, முதுகெலும்பு அறுவை செய்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல. குழந்தைகளுக்கு வயதைவிட உயரம் முக்கியம்: முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும், கைப்பிடி எட்ட வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் குழந்தை சைடு-பை-சைடில் ஏறக்கூடாது.

தண்ணீரும் துணியும்

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர். டெத் வேலி தேசியப் பூங்கா சொல்லும் அளவு இது. அரைநாள் சுற்றுலாவுக்கு இரண்டு லிட்டராவது உங்கள் பையில் இருக்கட்டும். நிறுவனம் தரும் அரை லிட்டர் பாட்டிலை நம்ப வேண்டாம். காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை தோலில் நிற்காமலே ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், தலைவலி வந்த பிறகுதான் தெரியும். முந்தின இரவிலிருந்தே குடிக்கத் தொடங்குங்கள், கூடவே உப்பு உள்ள தின்பண்டம் ஏதாவது சாப்பிடுங்கள். வெறும் தண்ணீரையே நிறையக் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும்.

பாலைவனம் என்றதும் அரைக்கால் சட்டையும் செருப்பும் போட்டு வந்து நிற்பார்கள். குளிர்காலக் காலையில் கண்ணாடியில்லாத வண்டியில் காற்று முகத்தில் அடிக்கும்போது விரல் விறைத்துப்போகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறிலிருந்து பத்து டிகிரி செல்சியஸ் வரை குறையும். முழுக்கை, முழுக்கால், மூடிய காலணி, மேலே கழற்றிப்போட ஒரு ஜாக்கெட், கழுத்தில் ஒரு துணி. கான்டாக்ட் லென்ஸை விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியும் அதன்மேல் காகிள்ஸும் போடுங்கள். மாவு போன்ற தூசி லென்ஸுக்கு அடியில் போனால் அன்றைய நாளே போயிற்று.

சின்னச் சீப்பு ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோயா (cholla) என்ற கள்ளிச்செடியின் துண்டு காலில் ஒட்டிக்கொண்டால் விரலால் பிடுங்கக் கூடாது. முள்ளின் நுனியில் பின்னோக்கிய நுண் கொக்கிகள் இருப்பதால் அது விரலுக்குத் தாவிவிடும். சீப்பின் பற்களைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே செருகி, உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக ஒரே உதறில் தள்ள வேண்டும்.

ஓட்டும்போது

சைடு-பை-சைடு வண்டிகள் பெரும்பாலும் கியர் பெட்டிக்கு முன்னால் ரப்பர் பெல்ட்டில் ஓடுபவை. H (வேகமாகப் போக), L (மெதுவாக, அதிக இழுவையோடு போக) என்று இரண்டு நிலை இருக்கும். பாறைமேல் மெல்ல ஏறும்போதும் H-லேயே வைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான் புதியவர்களின் மிகப் பொதுவான தவறு. அப்போது பெல்ட் அதைச் சுழற்றும் கப்பியைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கி உராய்கிறது, சூடேறுகிறது, கருகுகிறது. ரப்பர் தீய்கிற வாடை வந்தால் உடனே நிறுத்தி கைடைக் கூப்பிடுங்கள். அதே நிலையில் இன்னும் சில நிமிடம் ஓட்டினால் பெல்ட் அறுந்து மலைப்பாதை நடுவே வண்டி நின்றுவிடும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே போகும் இடங்களிலும் செங்குத்தான ஏற்ற இறக்கங்களிலும் L.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்ப முயலாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே நின்ற கணமே அது பக்கவாட்டில் உருளத் தயாராகிவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கையில் கட்டைவிரலை உள்ளே கோக்காமல் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், சக்கரம் பாறையில் மோதினால் ஸ்டியரிங் சட்டென்று சுழன்று விரலை முறித்துவிடும்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றாதீர்கள். விழாமல் தடுக்கக் கை தானாகவே வெளியே போகும். ஆனால் அந்தக் கை மேலிருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே மாட்டும். பக்கவலையை மாட்டி, சீட் பெல்ட்டை இடுப்பில் முதலில் இறுக்கி, பிறகு தோளில் இறுக்குங்கள். ஓட்டுபவர் ஸ்டியரிங்கை விடக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் கைப்பிடியை விடக்கூடாது.

முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போனால் அதன் தூசி உங்கள் கண்ணை மறைக்கும், அவர் திடீரென நின்றால் நீங்கள் பின்னால் போய் இடிப்பீர்கள். தூசி அடங்கும் வரை இடைவெளி விடுங்கள். காற்றில்லாத நாளில் அது இன்னும் அதிகம் இருக்க வேண்டும். தொலைந்துபோவோமோ என்ற பயத்தில்தான் ஒட்டுகிறார்கள். அதற்குத் தீர்வு ஒட்டுவதல்ல: பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொருவரும் நின்று, பின்னால் வருபவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே நகர வேண்டும். கடைசி வண்டி வரை இதே முறைதான். எதிரே வருபவர்களுக்கு, உங்கள் பின்னால் எத்தனை வண்டி என்று விரல் காட்டுங்கள். நீங்களே கடைசி என்றால் மூடிய கை.

தடத்தைவிட்டு விலகி ஓட்டுவது வீரமல்ல. அந்த மண்ணின் மேல்தோலில் பாசியும் நுண்ணுயிர்களும் பின்னிக் கிடக்கின்றன. டயர் ஒருமுறை ஏறினால் அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். மொஹாவே பாலைவனத்தில் நிழலுக்காக ஆமைகள் வண்டிக்கு அடியில் வந்து ஒதுங்கும். நிறுத்திய வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து பாருங்கள். ஆமை இருந்தால் தூக்காதீர்கள், தானாக நகரும் வரை காத்திருங்கள். பயந்தால் அது சேமித்து வைத்த நீரை வெளியேற்றிவிடும், அந்த வறட்சியில் அந்த இழப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

வானம் தெளிவாக இருக்கிறதே என்று

1974 செப்டம்பர் 14 அன்று நெல்சனுக்குக் கீழே எல்டொராடோ பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து, ஆற்றோரத் துறையில் இருந்த ஒன்பது பேராவது உயிரிழந்தார்கள். மேலே மலையில் கொட்டிய மழை பள்ளத்தாக்கு வழியே ஒன்றாய்த் திரண்டு வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மலைப்பக்கம் மேகம் கறுத்தால், உங்கள் தலைக்கு மேல் வெயிலடித்தாலும், கைடு பாதையை மாற்றுவார் அல்லது திரும்பிவிடுவார். பணம் கொடுத்திருக்கிறோமே என்று வற்புறுத்தாதீர்கள். வறண்ட ஓடையின் மணலில் சாப்பிட உட்காருவதும் அந்தப் பருவத்தில் வேண்டாம்.

ஊருக்குள் போன பிறகு

கீழே கிடக்கும் கண்ணாடித் துண்டைக் கையிலெடுத்தால் இளம் ஊதா நிறம் தெரியும். அந்தக் காலத்தில் கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்த்தார்கள். பல ஆண்டு வெயில் பட்டு அது ஊதாவாக மாறியிருக்கிறது. மாங்கனீசு சேர்க்கும் வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்தோடு பெரிதும் ஓய்ந்தது, ஆகவே அந்தத் துண்டு தன் வயதைத் தானே சொல்கிறது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கள். துருப்பிடித்த டப்பாவும் ஆணியும்கூட அப்படித்தான். மத்திய அரசு நிலத்தில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979-இன் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வெறும் மண்தான் மிஞ்சும்.

சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். சாந்து உதிர்ந்த கல் உங்கள் எடையைத் தாங்காது. பலகை, கல் இடுக்குகளில் பார்க்காமல் கையையோ காலையோ வைக்காதீர்கள், அங்கே ராட்டில்ஸ்நேக் என்னும் விஷப்பாம்பு இருக்கலாம். எலி எச்சம் கிடக்கும் அடைத்த அறைக்குள் போகவே வேண்டாம், கிளம்பும் தூசியோடு ஹான்டா வைரஸ் மூச்சில் சேரக்கூடும்.

கைவிடப்பட்ட சுரங்கவாய்க்குள் ஓரடிகூட வைக்கக் கூடாது. மட்டமாகப் போகும் குகை போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே தரையில் செங்குத்துக் குழிகள் வெட்டியிருப்பார்கள். அதன்மேல் போட்ட பலகை உளுத்திருக்கும், புழுதி மூடித் தரை போலவே தெரியும். உள்ளே ஆக்ஸிஜன் குறைந்த காற்று தேங்கியிருக்கும், அதற்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பழைய டைனமைட் குச்சியில் நைட்ரோகிளிசரின் கசிந்திருந்தால் தொட்டாலே வெடிக்கலாம். சுரங்கத்தை உள்ளே போய்ப் பார்க்க ஆசையிருந்தால் டெக்காடிகப் போல முறையாகப் பராமரித்து அழைத்துப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பிய பிறகு

அரிசோனாவின் தென்பகுதி மண்ணிலும் கலிஃபோர்னியாவின் சில பகுதிகளிலும் ஒரு பூஞ்சை இருக்கிறது. தூசியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் என்னும் நுரையீரல் நோய் வரலாம். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், கடும் சோர்வு தோன்றும், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே பலர் விட்டுவிடுவார்கள். பெரும்பாலோருக்குத் தானே குணமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கடுமையாகலாம். ஊர் திரும்பியபின் அப்படிக் காய்ச்சல் வந்தால் அந்தப் பாலைவனத் தூசியில் இருந்ததை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். வேறு நாட்டு மருத்துவருக்கு அந்தச் சந்தேகம் தானாக எழாது.