பழைய மோட்டார்ஹோமைப் புதுப்பிக்கும் முறை

பல்லாண்டுகள் ஓடி ஓய்ந்து நின்ற ஒரு மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதி கொண்ட வண்டியை, வாங்கியதும், பெரும்பாலோர் முதலில் கைவைப்பது திரைச்சீலையிலும் மெத்தையிலும் வர்ணத்திலும்தான். ஆசை இயல்பானதே என்றாலும், வேலையின் வரிசை அதற்கு நேர் எதிரானது. முதலில் கூரையும் சுவரும் நீரை உள்ளே விடாத நிலைக்கு வர வேண்டும்; அடுத்து பிரேக்கும் சக்கரமும்; அதன்பின் கேஸும் மின்சாரமும்; இவை முடிந்த பிறகே உள் அலங்காரம். இந்த வரிசையை மாற்றுகிறவர் புதிதாக ஒட்டிய பலகையை அடுத்த மழைக்கே பிய்த்தெடுக்க நேரிடும்.

வண்டி எதனால் கட்டப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 1960களிலும் 1970களிலும் வந்தவற்றில் பெரும்பகுதி, லாரி அல்லது வேன் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் மெல்லிய மரச்சட்டங்களை நிறுத்தி, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே மெல்லிய பிளைவுட்டும் போர்த்தி, நடுவே கண்ணாடி இழைப் பஞ்சை நிரப்பிய கட்டுமானம். 1973 முதல் 1978 வரை வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோம் போன்ற சில வண்டிகளுக்கு மட்டும் அலுமினிய எலும்புக்கூடு உண்டு. அவற்றில் சுவர்ச் சட்டம் மக்கும் கவலை இல்லை. மற்றவற்றில் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரமே வண்டியின் உயிர். வெளியே தகடு பளபளவென்று இருக்க, உள்ளே சட்டம் இற்றுப்போய்க் கையோடு பொடிந்து வருவது மிகச் சாதாரணம்.

நீர் நுழையும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றே: கூரைத் தகடுகளின் இணைப்பு, கூரையில் உள்ள காற்றுப் போக்கியின் விளிம்பு, மேல்முனையில் உள்ள சிறு விளக்குகள், ஜன்னல்களின் மேற்புறம், மூலைகளை மூடும் அலுமினியப் பட்டை. நுழைந்த நீர் சட்டத்தின் வழியே ஓடி, எங்கோ கீழ் மூலையில் தேங்கும். ஆகவே கறை தெரியும் இடத்தில் ஓட்டையைத் தேடிப் பயனில்லை. அதற்கு மேலே தேட வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் நிற்க, மற்றவர் வெளியே கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் குழாய் நீரை விட்டு, படிப்படியாக மேலே செல்வது நல்ல முறை. மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடங்களையும் ஒருசேர நனைத்துவிடும். எது ஒழுகியது என்று சொல்ல முடியாது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், திறப்புகளை எல்லாம் அடைத்து, ஊதுகுழல் விசிறியால் உள்ளே காற்றைச் செலுத்தி, வெளியே இணைப்புகளில் சோப்புநீர் தடவுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம்.

பிறகு மரத்தைச் சோதியுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல சட்டம் கணீரென்றும் மக்கிய சட்டம் மந்தமாகவும் ஒலிக்கும். ஈரமானி இருந்தால் அது 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடங்களைக் குறித்துவையுங்கள். அதற்குக் கீழே காய்ந்திருக்கும் மரத்தை அழுகல் பூஞ்சை அண்டாது.

இடிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. 1980க்கு முந்தைய தரை ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பி விடை வரும்வரை அவற்றை உரசித் தூசு கிளப்பக் கூடாது. பழைய வீட்டைச் செப்பனிடும்போதும் இதே கட்டுப்பாடு தேவை. அங்கும் நம்மவர்கள் முகமூடிகூட இல்லாமல் வர்ணத்தைச் சுரண்டுவது வருத்தத்துக்குரியது.

ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். உள்வளையத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, வெளியிலிருந்து ஒருவர் தாங்கிக்கொள்ள, சட்டகத்தை மெல்லப் பிரியுங்கள். பழைய பட்டி கல்லாக இறுகி அலுமினியத்தில் ஒட்டியிருக்கும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் கீறல் விழும் என்பதால் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பால் பெயர்த்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம் கறுத்து நார்நாராக இருந்தால், கறை முடியும் இடத்தோடு நிற்காமல், வெட்டுவாயில் வெளிறிய, கெட்டியான மரம் தெரியும்வரை இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். பழையதிலும் புதியதிலும் பாதிப் பருமனைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைத்து, நீர் தாங்கும் பசையும் ஸ்க்ரூவும் கொண்டு இணைப்பது முனையோடு முனை முட்டவைப்பதைவிடப் பல மடங்கு உறுதியானது. மரம் முற்றிலும் காய்ந்த பிறகு ஜன்னல் விளிம்பைச் சுற்றிப் பியூட்டைல் டேப்பை (நீரைத் தடுக்கும், பிசுபிசுப்பான ரப்பர் பட்டையை) இடைவெளியின்றி ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். டேப் நாலாபுறமும் சீராகப் பிதுங்க வேண்டும். மறுநாள் அது தளர்ந்து அமர்ந்திருக்கும். மீண்டும் ஒருமுறை இறுக்கிவிட்டுப் பிதுங்கியதை வெட்டியெடுங்கள்.

இந்த இடத்தில் சாதாரண சிலிக்கான் பசையைப் பூசுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அது காய்ந்தபின் அதன்மேல் வேறெந்த சீலண்ட்டும் (கசிவை அடைக்கும் பசையும்) ஒட்டாது. புதிய சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது. அடுத்த முறை ஒழுகும்போது முழுவதையும் உரித்தெடுத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். கூரைக்கு, தானே பரவி மட்டமாகும் கூரை சீலண்ட்டைப் பயன்படுத்தி, ஆண்டுக்கு இருமுறையாவது ஏறிப் பாருங்கள். ஏறும்போது சட்டங்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நடக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் சுவர் முழுவதையும் திறந்துவிடாதீர்கள். உள்பலகை, சட்டம், தகடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் வடிவம் நிற்கிறது. கதவு, ஜன்னல் திறப்புகளின் மூலைவிட்டங்களை முன்கூட்டியே அளந்து எழுதிவைத்து, கூரைக்கு முட்டுக்கொடுத்து, பகுதி பகுதியாக மாற்றுங்கள். கழற்றிய பலகை எவ்வளவு மக்கியிருந்தாலும் எறிய வேண்டாம்; புதியதை வெட்ட அதுவே அச்சு. பஞ்சு இருந்த இடத்தில் நீர் உறிஞ்சாத கெட்டி ஃபோம் பலகையை வைப்பது நல்லது. அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினால் ஈரம் பட்டதும் இரண்டுக்கும் இடையே அரிப்பு தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவையும் சீலண்ட்டில் தோய்த்தே முடுக்குங்கள்.

வண்டிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரில் ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதை முழுவதும் மாற்றி, ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். ஆகவே எரிபொருள் குழாய்களும் அதற்கேற்ற புதிய ரகமாக இருக்கட்டும்.

கேஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் புதிதாகவே வாங்கி, ஒவ்வோர் இணைப்பையும் சோப்புநீரால் சோதித்து, முழு அமைப்பையும் தகுதி பெற்றவரிடம் அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். எனவே அதன் எச்சரிக்கைக் கருவி தரைக்கு அருகிலும், கார்பன் மோனாக்சைடு கருவி உறங்கும் இடத்திலும் இருக்க வேண்டும். கேஸில் ஓடும் பழைய ஃபிரிட்ஜின் பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ அந்தக் குளிரூட்டும் பகுதி போய்விட்டது என்று பொருள்.

மின்சாரத்தில் 12 வோல்ட் பக்கம்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டு வயரிங் பழகியவர்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளமாகத் தோன்றும். ஆனால் பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தொலைவில் 10 ஆம்பியர் இழுக்கும் ஒரு கருவிக்கு, போக வர 12 மீட்டர் வயரில் சுமார் 0.84 வோல்ட் வீணாகும். அதாவது 7 சதவீதம். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டாக, ஏறக்குறைய 3 சதவீதமாகக் குறையும். ஃப்யூஸை வயரின் தாங்குதிறனுக்கு ஏற்பத் தேர்ந்து, பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். வீட்டுக் கரண்ட் (மெயின்ஸ்) செல்லும் வயரையும் 12 வோல்ட் வயரையும் ஒரே குழாயில் செலுத்தக் கூடாது.

உள் வேலையில் வீட்டுப் பழக்கங்கள் எல்லாம் செல்லாது. ஓடும் வண்டி ஓயாமல் அதிர்வதால் ஜிப்சம் பலகை விரிசல் விடும், பீங்கான் ஓட்டின் இணைப்புகள் உதிரும், ஆணி தானே வெளியே வரும். பசையும் ஸ்க்ரூவும் சேர்ந்த இணைப்பே நிற்கும். எடையும் ஏறக் கூடாது. எட்டுக்கு நாலு அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றே சுமார் 20 கிலோ. தொட்டியில் 100 லிட்டர் நீர் என்றால் இன்னும் 100 கிலோ. ஒரு விஷயம் மட்டும் இங்கிருந்து வீட்டுக்கு அப்படியே பொருந்தும்: ஓதம் ஏறிய சுவருக்குப் பட்டியும் வர்ணமும் பூசுவதற்கு முன், நீர் வரும் வழியை அடைத்துச் சுவரைக் காயவிட வேண்டும். 1978 முதல் 1995 வரை வீடுகளிலும் வண்டிகளிலும் போட்ட சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் நீர்க்குழாய்கள் குளோரின் பட்டுப் பொரிந்துவிடுபவை. எங்கே கண்டாலும் பெக்ஸ் (PEX) எனும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நீர், கேஸ், சாமான், ஆட்கள் எனப் பயணத்துக்கான முழுச் சுமையுடன் எடைமேடையில் ஏற்றி, ஒவ்வோர் அச்சின் எடையையும் வண்டியின் தகட்டில் பொறித்த வரம்போடு ஒப்பிடுங்கள். முதல் ஓட்டம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கட்டும். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) மீண்டும் இறுக்கி, கேஸ் இணைப்புகளுக்கு இன்னொரு முறை சோப்புநீர் தடவிப் பார்த்து, ஜன்னல் ஓரங்களில் டேப் பிரிந்திருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள்.