டயருக்கு நைட்ரஜனா, சாதாரணக் காற்றா?

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. ஆகவே நைட்ரஜனுக்கென்று கொடுக்கும் பணம், எஞ்சியுள்ள ஆக்சிஜனையும் ஈரப்பதத்தையும் டயரிலிருந்து விலக்கி வைப்பதற்கான பணமே. ஆக்சிஜன் ரப்பரின் ஊடே சற்று விரைவாகக் கசிகிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிரப்பிய டயர்களை ஓராண்டு வைத்துச் சோதித்தபோது, காற்று நிரப்பியவற்றில் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ.யும் நைட்ரஜன் நிரப்பியவற்றில் 2.2 பி.எஸ்.ஐ.யும் குறைந்திருந்தன. வேறுபாடு அவ்வளவுதான். விமான டயர்களில் நைட்ரஜன் நிரப்புவதற்குக் காரணம் வேறு: பிரேக்கின் கடும் வெப்பத்தில் டயருக்குள் தீப்பற்றி வெடிக்கும் அபாயம் அங்கே உண்டு.

நைட்ரஜன் நிரப்பினால் வெயிலில் அழுத்தம் ஏறாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், எந்த வாயுவானாலும் கார் டயரில் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடத்தான் செய்யும்.

நைட்ரஜனே வேண்டுமென்றால், இருக்கும் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கிய பிறகே காற்றை இறக்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் காற்று இறங்கும் என்பதால், 32 பி.எஸ்.ஐ. இருந்த டயரைக் காலி செய்த பின்னும், பழைய காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் தூய நைட்ரஜனையே ஏற்றினாலும் ஆறு விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும் என்பதால், இரண்டாம் முறையும் இறக்கி நிரப்பினால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு. காலி செய்யாமல் மேலே கொஞ்சம் ஏற்றிவிட்டுப் நைட்ரஜனுக்கு அடையாளமான பச்சை வால்வு மூடி போட்டுத் தருவது வீண் செலவு.

வழியில் அழுத்தம் குறைந்துவிட்டால், நைட்ரஜன் கிடைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு ஓட்டாதீர்கள்; இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். அழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கிச் சூடேறிக் கிழியக்கூடும். சாதாரணக் காற்றை உடனே ஏற்றிக்கொள்ளலாம். இரண்டும் கலப்பதால் எந்தக் கேடும் இல்லை.

எதை நிரப்பினாலும் மாதம் ஒருமுறை, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, சொந்த அளவுமானியால் ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களையும் பாருங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணையின் அளவே சரியானது. டயரின் பக்கச்சுவரில் இருப்பது உச்ச வரம்பு. ஒரே டயரில் மட்டும் அடிக்கடி குறைந்தால், வால்வின் வாயில் சோப்பு நீர்த் துளி ஒன்றை வையுங்கள். குமிழி எழுந்தால், மாற்ற வேண்டியது வால்வின் உள்ளூசியை (வால்வ் கோர்)த்தான்.