50 மிமீ லென்ஸ் வாங்கியாச்சு, வகுப்புக்கும் போகலாமா?

கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு சுற்றியவர்கள் 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கியதும் அடுத்து யோசிப்பது புகைப்பட வகுப்பைத்தான். சேரலாம். ஆனால் எந்த வகுப்பு என்பதை உங்கள் படங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரு காலைப்பொழுது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சுற்றினால் போதும்.

முதலில் பையைத் திறக்காதீர்கள். ஏர்கானில் குளிர்ந்த லென்ஸ் வெளிப்புழுக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியில் நீர் படியும். ரயிலைவிட்டு இறங்கிக் கால் மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். அதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம்.

அடுத்து, டயலை அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) முறைக்குத் திருப்புங்கள். நிக்கான், சோனியில் 'ஏ', கேனனில் 'ஏவி'. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

இப்போது பஃபலோ ரோடு பூக்கடைகள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொங்கும் மாலை ஒன்றின் முன் நில்லுங்கள். இந்த லென்ஸில் ஜூம் கிடையாது, உங்கள் கால்தான் ஜூம். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் இது, பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவின் 75 மிமீ லென்ஸ் போல (கேனனில் 80) நெருக்கிக் காட்டும், அதனால் பின்னால் நகரவேண்டி வரும். நகரும் முன் லாரி வருகிறதா என்று பாருங்கள்! ரொம்பக் கிட்டே போனாலும் ஃபோகஸ் ஆகாது. பெரும்பாலான 50 மிமீ லென்ஸ்களுக்கு 35 முதல் 45 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

ஒரே இடத்தில் நின்று, ஒரே பூவில் ஃபோகஸ் வைத்து, அபர்ச்சரை 1.8, 4, 8 என்று மாற்றி மூன்று படம் எடுங்கள். 1.8-இல் அந்தப் பூ மட்டும் துல்லியமாக இருக்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். 8-இல் கடைக்குள் இருக்கும் சாமி படமும் ஓரளவு தெரியும். புது லென்ஸ் ஆசையில் எல்லாவற்றையும் 1.8-இலேயே எடுக்கத் தோன்றும். கடைக்காரரும் அவர் மனைவியும் முன்னும் பின்னுமாக நின்றால் ஒருவர் முகம் மங்கிவிடும். அங்கே 4 அல்லது 5.6 வையுங்கள்.

அப்புறம் தேக்கா சந்தைக்குள் போங்கள். சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. டயலை ஷட்டர் முறைக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தவறான இடத்தில் ஃபோகஸா, கை ஆடியதா, வெளிச்சம் கூடிவிட்டதா? இதற்கெல்லாம் காசு கட்ட வேண்டாம் என்பேன். கேமராக் கையேடும் இன்னும் சில நடைகளும் போதும். எல்லாம் துல்லியமாக இருந்தும் படம் சப்பென்று இருக்கிறதா? அப்போதுதான் ஆசிரியர் தேவை.

சமூக மன்றங்களில் அடிப்படை வகுப்புகள் நடக்கும். 1950-இல் தொடங்கிய சிங்கப்பூர் புகைப்படச் சங்கமும் இருக்கிறது. 25 வயது நிரம்பிய குடிமக்கள், திறன் வளர்ப்புக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையையும் பயன்படுத்தலாம், ஆனால் அதற்கு அங்கீகரித்த வகுப்பாக இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: வெளியே கூட்டிப்போய் எடுக்க வைப்பீர்களா? நான் எடுத்த படத்தைப் பார்த்துக் குறை சொல்வீர்களா? இரண்டாவதற்கு இழுத்தடித்தால் வேறு வகுப்பைப் பாருங்கள்.