சிங்கப்பூரில் சைக்கிளும் சட்டமும்: ஓட்டுபவரும் குறைசொல்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சைக்கிளோட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்களுக்குச் சட்டமே கிடையாது என்ற கோபம் உடனே எழுகிறது. உண்மை நேர்மாறானது. அங்கே ஒரே சைக்கிள் இரண்டு சட்டங்களுக்குள் ஓடுகிறது. சாலையில் இறங்கினால் அது சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்ட வாகனம். அங்கு பெரும்பாலும் போக்குவரத்துப் போலிஸ் கண்காணிக்கிறது. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் 2018 மே 1 முதல் நடப்பில் உள்ள துடிப்பான நடமாட்டச் சட்டம் (Active Mobility Act) பொருந்துகிறது. அங்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அதிகாரிகள் நிற்கிறார்கள். சக்கரம் எங்கே உருள்கிறதோ அந்த இடத்தைப் பொறுத்து விதி மாறுகிறது என்பதைக் கவனிக்காததால்தான், ஓட்டுபவர்களும் அவர்களைத் திட்டுபவர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள்.

மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய தவறு, ஓரிடத்தின் பழக்கத்தை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது. நடைபாதையில் எதிரும் புதிருமாகப் போய்ப் பழகியவர் சாலையிலும் வாகனங்களுக்கு எதிர்த்திசையில் வருகிறார். சாலையில் விரைந்து பழகியவர் அதே வேகத்தோடு அடுக்குமாடி வீடுகளின் கீழே உள்ள நடைபாதைக்குள் நுழைகிறார். 2019 பிப்ரவரி முதல் நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர் மட்டுமே. மெதுவாக ஓடுபவரின் வேகம் அது. சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் வரை செல்லலாம். தலைக்கவசம் சாலையில் கட்டாயம், பாதைகளில் கட்டாயமில்லை. சிவப்பு விளக்கு எரியும்போது சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறி, பாதசாரிகளோடு சந்திப்பைக் கடந்து, மறுபடி சாலையில் இறங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பொதுமக்களின் எரிச்சலை இந்தப் பழக்கத்தைப் போல வேறெதுவும் கிளறுவதில்லை. அந்த எரிச்சலில் நியாயமும் இருக்கிறது.

இதில் 2025 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சைக்கிள் பாதையை ஒட்டியே நடைபாதை இருந்தால், அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பழைய நினைப்பில் அதே நடைபாதையில் செல்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோல, பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதையில் நிதானமாக வரும் சைக்கிளை மறித்து, “இது நடக்கிற இடம், இறங்கு” என்று அதட்டுபவரும் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே சைக்கிளோட்டி வருவது சட்டப்படி சரி. நடைபாதைக்கு அறவே வரக் கூடாதவை மின்சைக்கிளும், 2019 நவம்பர் முதல் மின்ஸ்கூட்டரும்.

குழுவாக ஓட்டுபவர்களைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்கள் இன்னும் அதிகம். இருவர் பக்கம்பக்கமாகச் சென்றாலே குற்றம் என்று கார் ஓட்டுநர் பலர் நினைக்கிறார்கள். ஒரே திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் உள்ள சாலையில் அது அனுமதிக்கப்பட்டதே. பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக நீண்டு செல்வதைவிட இரண்டிரண்டாகச் சென்றால் கார் முந்திச்செல்ல வேண்டிய தூரம் பாதியாகிறது என்பது அதன் காரணம். ஒரு தடம் மட்டுமே உள்ள சாலையிலும், நடப்பில் இருக்கும் நேரத்தில் பேருந்துத் தடத்திலும் ஒற்றை வரிசையாகத்தான் செல்ல வேண்டும். 2022 ஜனவரி முதல் ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர் என்பது உச்சவரம்பு. மீறினால் அபராதம் 150 வெள்ளி, அதற்கு முன்பு 75. பதினைந்து பேர் கொண்ட குழு, தங்களை மூன்று குழுக்கள் என்று சொல்லிக்கொண்டு ஒட்டியே செல்வது சட்டத்தை ஏமாற்றும் வேலை. குழுக்களுக்கிடையே ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம் விடுமாறு பரிந்துரைக்கப்பட்டது அதனால்தான். முந்திச்செல்லும் வாகனம் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற வழிகாட்டுதலும் அதே சமயத்தில் வந்தது. குழு அளவு பற்றிய விதியை மனப்பாடமாகச் சொல்லும் கார் ஓட்டுநர்களுக்கு இந்த வழிகாட்டுதல் ஏனோ நினைவில் நிற்பதில்லை.

சைக்கிளுக்குப் பதிவெண் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது அடிக்கடி எழும் கோரிக்கை. 2021இல் இதை ஆராய்ந்த அரசின் ஆலோசனைக் குழு, உரிமமும் பதிவும் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. சிறுவர்களும் முதியவர்களும் அருகிலுள்ள கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் ஓட்டும் சைக்கிளுக்கு அது பெருஞ்சுமை; பிற நாடுகளிலும் அது பெரிதாகப் பலன் தரவில்லை. எனக்கும் அது சரியான முடிவாகவே படுகிறது. மின்சைக்கிளுக்குப் பதிவெண் உண்டு, ஓட்டக் குறைந்தது 16 வயது என்ற வரம்பு உண்டு, 2022 முதல் ஓட்டுபவருக்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எடை 20 கிலோவுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் மேற்படக் கூடாது. அப்படியிருந்தும் வேகத்தைக் கூட்டி மாற்றியமைக்கப்பட்ட வண்டிகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் குற்றத்தையும் மிதிக்கிற சைக்கிளின் கணக்கில் எழுதுவது இன்னொரு தவறு.

கண்டனம் எப்போதும் ஒரு பக்கமே சாய்வதற்கு, 2018 டிசம்பரில் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் நடந்தது நல்ல சான்று. ஒரு சைக்கிளோட்டி லாரியின் பக்கக் கண்ணாடியை அடித்து உடைத்தார். லாரி ஓட்டுநர் வண்டியை அவர் பக்கம் திருப்பி அவரைக் கீழே தள்ளினார். அது பதிவான காணொளியைப் பார்த்தவர்களில் பலர் சைக்கிளோட்டிக்கு அது வேண்டியதுதான் என்றனர். நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. சைக்கிளோட்டிக்கு 2,800 வெள்ளி அபராதம், லாரி ஓட்டுநருக்கு ஏழு வாரச் சிறை. விதி மீறியவரைச் சாலையிலேயே வண்டியால் தண்டிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இந்தச் சர்ச்சைகளில் பளபளக்கும் உடையணிந்து வார இறுதியில் வருபவர்களே பேசப்படுகிறார்கள். தங்குவிடுதியிலிருந்து விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அவர்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. இருட்டில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் இல்லாமல் ஓட்டுவது குற்றம். 2021 செப்டம்பர் முதல் கைப்பிரேக் இல்லாத சைக்கிளும் அப்படியே. கைமாறிக் கைமாறி வந்த பழைய சைக்கிளில் இந்த இரண்டும்தான் முதலில் பழுதாகின்றன. வேலையிடத்தில் பாதுகாப்பு வகுப்பு நடத்தும் மேற்பார்வையாளர்கள் இதையும் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுக்கலாம்.

புகார் செய்ய விரும்புபவர்கள், இடம், நேரம், நடந்தது சாலையிலா பாதையிலா, வண்டி மிதிசைக்கிளா மின்சைக்கிளா என்ற நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையில் நடந்ததைப் போக்குவரத்துப் போலிசுக்கும், நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் நடந்ததை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். “ஒரு சைக்கிள்காரர் மோசமாக ஓட்டினார்” என்று மட்டும் எழுதினால் எந்த அதிகாரியாலும் நடவடிக்கை எடுக்க முடியாது.