விப்ரியோவை அடக்க நினைக்கும் இறால் பண்ணைகளில் நடக்கும் தவறுகள்

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் குட்டைகளில் விப்ரியோ என்ற நோய்ப் பாக்டீரியா கூடிவிட்டது என்றதும் பலர் தண்ணீரைத்தான் குறிவைக்கிறார்கள். கிருமி வலுவாக இருப்பது அடியில்.

இதில் ஓர் இனமான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் தன்னுள் ஓர் ஈட்டி வைத்திருக்கிறது. ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பது அதன் பெயர். உறை சட்டென்று சுருங்கும்; உள்ளிருக்கும் குழாய் பக்கத்துப் பாக்டீரியாவைக் குத்தி நச்சுப் புரதத்தை இறக்கும். சொந்த வகையிடம் அந்த நச்சுக்கு முறிவுப் புரதம் உண்டு. குத்துவதற்கு எதிரியைத் தொட்டாக வேண்டும். அதனால் சண்டைக்களம் அடிச்சேறு, குட்டையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பான லைனரில் படியும் வழவழப்பு, உரித்துப்போட்ட ஓடு. இதன் இரண்டு ஈட்டிகளில் ஒன்று, சுமார் 30 டிகிரி வெப்பத்திலும் 3 சதவீத உப்பிலும் சுறுசுறுப்பாவது ஆய்வகத்தில் தெரிந்தது. இந்தக் கரையின் கோடைக் குட்டை கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருக்கிறது. எனவே தண்ணீரோடு சேற்றையும் இறாலின் குடலையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சேற்றை அள்ளாமல் பிளீச்சிங் பவுடர் போடுவது பணத்தைக் கரைப்பது. சேற்றின் கழிவு குளோரினைத் தின்றுவிடும். முதலில் சேறு, பிறகு தரையில் வெடிப்பு விழும்வரை காயவிடுவது, அதற்குப் பிறகே தண்ணீரும் மருந்தும். 1 ஏக்கரில் 1 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 4,000 கன மீட்டர். 60 பிபிஎம் (கன மீட்டருக்கு 60 கிராம்) பவுடர் என்றால் 240 கிலோ. குஞ்சு விடுவதற்கு முன்புதான் இதைச் செய்ய வேண்டும். குளோரின் மீதமிருக்கையில் புரோபயாட்டிக் எனும் நன்மை பாக்டீரியாவை ஊற்றினால் அதுவும் செத்துப்போகும். குளோரின் சோதனைக் கிட் வைத்துப் பார்த்து, குளோரின் இல்லையென்று உறுதியானபின் ஊற்றுங்கள். தாமதிக்கவும் கூடாது: மற்ற கிருமிகள் செத்துக் காலியான குட்டையில் வேகமாகப் பெருகுவது விப்ரியோ. பேசில்லஸ் வகை நல்ல தேர்வு, அதன் தடித்த செல்சுவரை அந்த ஈட்டி பெரும்பாலும் துளைப்பதில்லை.

ஆய்வகத்தில் விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டில் பச்சைப் புள்ளி கண்டதும் பதறுவதும், மஞ்சள் கண்டு நிம்மதியாவதும் தவறு. நிறம் காட்டுவது சர்க்கரையைப் புளிக்க வைக்கிறதா என்பதை மட்டுமே. இறாலின் செரிமான உறுப்பான கல்லீரல்-கணையத்தைத் தாக்கும் கணைய அழுகல் நோயை உண்டாக்கும் பிர் நச்சின் மரபணு இருக்கிறதா என்பதை மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் சொல்லும்.

அந்த நச்சை ஈட்டியின் வேலையாக நினைப்பவர்களும் உண்டு; அதுவும் தவறு. பிர் நச்சு கிருமியிலிருந்து வெளியே கசிந்து கணையச் செல்களை உரிக்கிறது. அதனால்தான் குடல் காலியாகி, கணையம் வெளுத்துச் சுருங்கியபின் ஆன்டிபயாட்டிக் போட்டாலும் சிதைந்த செல் திரும்பாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் இரண்டுமே இந்தியாவில் இறால் வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்டவை.