தோல் வழியாக மருந்து: முதல் ஜெல்லை லேபில் செய்து பார்ப்போம்

தர்மபுரியில் பி.பார்ம் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கிறேன். ப்ராஜெக்ட் நேரம் வந்தால் "சார், நாங்க ஜெல் பண்றோம், ஈசிதானே?" என்று நாலு குழுவாவது வந்து நிற்கும். ஜெல் செய்வது ஈசிதான். அதிலிருக்கும் மருந்து தோலைத் தாண்டுவதுதான் கஷ்டம், அதனால் பீக்கரை எடுப்பதற்கு முன்னால் தோலைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள்.

தோலின் மேலடுக்கான ஸ்ட்ராட்டம் கார்னியம் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான், ஒரு தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. ஆனால் நம்மை மறிப்பது அதுதான். செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் எல்லாம் சாந்து மாதிரி நிரம்பியிருக்கும், மருந்து பெரும்பாலும் அந்தச் சாந்துக்குள் வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும். சாந்து முழுக்கக் கொழுப்பு, அதற்குக் கீழே இருக்கும் உயிருள்ள அடுக்கோ ஈரப்பசை. ஆகவே மருந்து கொழுப்பிலும் கரைய வேண்டும், தண்ணீரிலும் கொஞ்சம் கரைய வேண்டும்.

மருந்தைத் தேர்வு செய்வது

மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள், லாக் பி (தண்ணீரைவிடக் கொழுப்பில் எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் அளவு) 1 முதல் 3 வரை, ஒரு நாளைக்குத் தேவையான அளவு சில மில்லிகிராம். இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். நிகோடின் 162, நைட்ரோகிளிசரின் 227, ஃபென்டனில் 336, எல்லாமே தோலில் ஒட்டும் பேட்ச்சாக வந்தவை. 1979ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பேட்ச்சில் இருந்த ஸ்கோபலமீனும் சின்ன மூலக்கூறுதான். ஒகேனக்கல்லில் மசாஜ் செய்துகொண்டு வருகிறவர்கள் எண்ணெய் எலும்பு வரை இறங்கியது என்பார்கள், ஆனால் எண்ணெயில் இருக்கும் டிரைகிளிசரைடு 850 டால்டனைத் தாண்டும், அது பெரும்பாலும் மேலடுக்கிலேயே நின்றுவிடும். உடம்பு லேசாவது தேய்க்கிற கையால்.

முதல் முயற்சிக்கு நான் எப்போதும் டைக்ளோஃபெனாக் டைஎத்திலமீன் என்ற வலி மருந்தைத்தான் கொடுப்பேன். வலிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், ரத்தம் வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை.

100 கிராம் ஜெல்லுக்கு

மருந்து 1.16 கிராம் (இது 1 சதவீத டைக்ளோஃபெனாக் சோடியத்துக்குச் சமம்), கார்போபால் 940 (ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமர்) ஒரு கிராம், புரொப்பிலீன் கிளைக்கால் 10 கிராம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 15 கிராம், மெத்தில் பாரபென் 0.15 கிராம், தேவையான அளவு ட்ரைஎத்தனாலமீன் (பி.எச்.சை ஏற்றும் காரம்), மீதி காய்ச்சி வடித்த தண்ணீர்.

தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. நம் மாவட்டத்து போர் தண்ணீர் என்றால் எல்லோருக்கும் ஃபுளோரைடுதான் ஞாபகம் வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ஜெல்லைக் கெடுப்பது உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம், சோடியம். ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய் ஒரு குழு குழாயில் பிடித்துவிட்டது, எவ்வளவு ட்ரைஎத்தனாலமீன் விட்டும் கஞ்சித் தண்ணீர் மாதிரியே ஓடியது. அந்த உப்புகள் கார்போபால் சங்கிலிகளை விரிய விடாமல் சுருக்கிவிடும்.

செய்முறை

கார்போபாலை மொத்தமாகக் கொட்டாதீர்கள். தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது, கோலப்பொடி விடுவது போல விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். கொட்டினால் மேலே நனைந்து உள்ளே காய்ந்த மீன்கண் மாதிரி கட்டிகள் வரும், அவை அப்புறம் கரையவே கரையாது. தூவியதை மூடி வைத்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள்.

மறுநாள் அதன் பி.எச். 3 பக்கத்தில் இருக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டு மருந்தை ஊற்றினால் டைக்ளோஃபெனாக் அமிலமாக மாறி வெள்ளையாகத் திரியும், ஏனென்றால் அதன் பி.கே.ஏ. (பாதி மருந்து அமில வடிவில் நிற்கும் பி.எச்.) 4 அளவில் இருக்கிறது. சரி, முதலில் ட்ரைஎத்தனாலமீனைத் துளித்துளியாக விடுங்கள், 6.5க்கு மேல் போகும்போது தண்ணீராக இருந்தது கண் முன்னாலேயே கெட்டியாகித் தெளியும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அப்புறம், கிளைக்காலிலும் ஆல்கஹாலிலும் தனியாகக் கரைத்து வைத்த மருந்தையும் பாரபெனையும் சேர்த்து, ஸ்பேச்சுலாவால் மடித்து மடித்துக் கலக்குங்கள். ஸ்டிர்ரரை வேகமாக ஓட்டினால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும், ஜெல்லும் தளரும்.

தாண்டுகிறதா என்று பார்ப்பது

இதற்கு ஃபிரான்ஸ் செல் என்ற இரண்டு அறைக் கருவி. மேல் அறையில் ஜெல், நடுவில் தோல், கீழ் அறையில் 7.4 பி.எச். பாஸ்பேட் பஃபர் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்), தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் இருக்க வேண்டும். தோலுக்கு ஆட்டுக்காது எடுக்கலாம், ஆனால் கறிக்கடையில் தலையைத் தீயில் வாட்டுவதற்கு முன்னாலேயே சொல்லி வாங்க வேண்டும். வாட்டியதும் வெந்நீர் ஊற்றியதும் உதவாது, நாம் சோதிக்க நினைத்த அந்த 20 மைக்ரான் சுவரே அதில் கெட்டுப்போயிருக்கும்.

தோலுக்கு அடியில் ஒரு குமிழி நின்றாலும் அந்த இடத்தில் மருந்து இறங்காது. செல்லைச் சாய்த்துக் குமிழியை வெளியேற்றிய பிறகுதான் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சாம்பிள் எடுக்கும்போதும் அதே அளவு சூடான பஃபரைத் திரும்ப நிரப்ப வேண்டும்.

மீதியான ஜெல்லை வீட்டுக்கு எடுத்துப்போய் பாட்டியின் முட்டியில் தடவாதீர்கள், தயவுசெய்து. உடம்பில் எல்லா இடமும் ஒரே மாதிரி உறிஞ்சாது: 1967ல் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தபோது முன்கையில் 1 என்றால் நெற்றியில் 6, விரைப்பையில் 42 என்று வந்தது. சோதிக்காத மருந்து எங்கே எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாம்பிள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று யு.வி. கருவியில் 276 நானோமீட்டரில் படியுங்கள். மருந்தில்லாத வெறும் ஜெல்லை வைத்து இன்னொரு செல்லையும் கூடவே ஓட்டுங்கள், ஆட்டுத்தோலிலிருந்து கசியும் புரதமும் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும். அந்த அளவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் மருந்து.