கிரேட்டா கார்போவின் மௌனப்படங்கள்: எதில் தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

ஹாலிவுட்டில் நடிகை கார்போ நடித்த மௌனப்படங்கள் மொத்தம் 10. எல்லாம் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தயாரிப்புகள், 1926க்கும் 1929க்கும் இடையில் வந்தவை. ஒன்பது நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றை வெளியான வரிசையிலேயே பார்க்க உட்காராதீர்கள். முதல் இரண்டான 'டோரன்ட்', 'தி டெம்ப்ட்ரஸ்' இரண்டும் ஸ்பானிய எழுத்தாளர் பிளாஸ்கோ இபான்யெஸின் நாவல்களிலிருந்து வந்தவை. ஸ்வீடனிலிருந்து வந்த இருபது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஸ்டூடியோ தடவிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளம், சாட்டைச் சண்டை என்று படம் எங்கோ ஓடும். அவர் முகம் நடுநடுவே வந்து போகும். அதிலேயே சலித்துவிட்டால் அடுத்ததற்கு நீங்கள் வரமாட்டீர்கள். மூன்றாவது படமான 'ஃபிளெஷ் அண்ட் தி டெவில்'தான் சரியான வாசல்.

ஆனால் அதற்கு முன் பிரதியைச் சரிபார்க்க வேண்டும். மௌனப்படம் பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேர் பார்த்தது மோசமான பிரதியாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 1929இல் வெளியான படங்களுக்குக்கூட 2025 ஜனவரி 1 முதல் காப்புரிமை இல்லை; இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு 60 ஆண்டுதான் என்பதால் இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றானதும், தேய்ந்த நகலுக்கு நகல் எடுத்து, எங்கிருந்தோ ஒரு பியானோ இசையை ஒட்டி ஏற்றிவிடுகிறார்கள். ஒன்று கவனம்: படம் பொதுச்சொத்தாகிவிட்டாலும், பின்னாளில் அதற்கென எழுதப்பட்ட இசைக்கு உரிமை உண்டு. 'ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' படத்துக்கு கார்ல் டேவிஸ் அமைத்த இசை அப்படிப்பட்டது. அந்த இசையோடு கூடிய பிரதி கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

பிரதி தேறுமா என்று பார்க்க மூன்று சோதனை போதும். ஒரு க்ளோசப்பில் நிறுத்துங்கள்: கண்ணிமை முடிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கார்போ பாதி வேலையைச் செய்வது இமையால்தான். அது கறுப்புக் கோடாக அப்பியிருந்தால் அந்தப் பிரதி ஆகாது. அடுத்து, பேச்சை எழுத்தில் காட்டும் வசன அட்டை வரும்போது நாலு பக்கமும் ஓரம் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் நெருக்கினால் அகலத்திரைக்காக வெட்டிவிட்டார்கள் என்று பொருள். இடது பக்கம் மட்டும் குறைந்தால், பிற்காலத்தில் ஒலித்தடத்துக்கு இடம் விட்டு எடுத்த பிரிண்டிலிருந்து வந்த நகலாக இருக்கலாம். மூன்றாவது, வேகம். யாராவது மாடிப்படி இறங்கும் காட்சியைப் பாருங்கள். பொம்மை போல் துடுக்துடுக்கென்று இறங்கினால் ஓட்டம் தப்பு.

இது ஏன் நடக்கிறது? அந்தக் காலத்தில் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கட்டாயம் கிடையாது. 16லிருந்து 24 வரை எதுவும் நடக்கும். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஆயிரம் அடி ரீல் நொடிக்கு 24 என்று ஓடினால் 11 நிமிடம் 7 நொடியில் முடியும். 16 என்று ஓடினால் 16 நிமிடம் 40 நொடி. 20இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாரும் அவசரப்படுவார்கள். வி.எல்.சி. பிளேயரில் சதுர அடைப்புக்குறி விசைகளை அழுத்தி வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றலாம்: 20இல் எடுத்ததற்கு 0.83, 22க்கு 0.92 அளவில் வையுங்கள். குறைத்தால் இசை இழுக்கும், ஒலியை அணைத்துவிடுங்கள். அதற்காக ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். 1920களின் கடைசியில் வேகம் கூடிவிட்டது. கார்போ படத்தை 18க்கு இறக்கினால் தூங்கி வழியும்.

டிவியில் பார்ப்பவர்கள் முதலில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்கவும். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்ற பெயரில் இருக்கும். இல்லாத ஃபிரேம்களை அது தானாக நுழைப்பதால் பழைய படத்தின் கீறல்கூட வழுக்கிக்கொண்டு நகரும். திரை விகிதம் 4:3.

இனி 'ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' படம். கிளாரன்ஸ் பிரவுன் இயக்கம், வில்லியம் டேனியல்ஸ் ஒளிப்பதிவு, ஜோடி ஜான் கில்பர்ட். நடன விருந்திலிருந்து இருவரும் தோட்டத்துக்கு வரும் காட்சியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாம் முறை ஒலியில்லாமல். சிகரெட்டை கார்போ முதலில் தன் உதட்டில் வைத்துப் பிறகு கில்பர்ட்டின் உதட்டில் வைக்கிறார். தீக்குச்சி உரசுகிறது, இருட்டில் இரண்டு முகங்கள் மட்டும் எழுகின்றன. தீக்குச்சிக்கு அவ்வளவு வெளிச்சம் ஏது? கில்பர்ட்டின் உள்ளங்கையில் சின்ன விளக்கை ஒளித்து வைத்திருந்தார் டேனியல்ஸ். கார்போ ஊதி அணைக்கிறார். பின்னால் தேவாலயக் காட்சி வரும்: திருவிருந்துக் கிண்ணத்தில் காதலன் உதடு பட்ட இடம் தன் பக்கம் வரும்படி திருப்பிக் குடிப்பார். கை அசைவது ஒரு கணம், அவ்வளவுதான். கண் இமைத்தால் போச்சு.

அடுத்து 'எ உமன் ஆஃப் அஃபேர்ஸ்' (1928). மருத்துவமனையில் பூங்கொத்தைக் காணாமல் எழுந்து வந்து, காதலனையே கண்டதுபோல் அதைத் தழுவிக்கொள்ளும் இடம் அவருடைய மௌன நடிப்பின் உச்சம் என்பேன். அதன்பின் 'தி மிஸ்டீரியஸ் லேடி'. கதை சாதாரண உளவுக் கதை, மெழுகுவத்தி வெளிச்சத்துக்காகப் பார்க்கலாம். 'லவ்' (1927) அன்னா கரேனினா கதை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கென்று சுபமான முடிவு ஒன்றும் எடுத்தார்கள். எனவே உங்கள் பிரதி எந்த முடிவோடு வருகிறது என்று முன்பே பாருங்கள். இதன் ஒரு பிரதியில் இடையிடையே சிரிப்பொலி கேட்கும். கோளாறு அல்ல, அரங்கில் நேரடியாக வாசித்த இசையைப் பார்வையாளர் சத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்கள். 'வைல்ட் ஆர்க்கிட்ஸ்', 'தி சிங்கிள் ஸ்டாண்டர்ட்' இரண்டும் நேரமிருந்தால்.

'தி டிவைன் உமன்' முழுப்படம் என்று யாராவது போட்டிருந்தால் நம்பாதீர்கள். மிஞ்சியிருப்பது ரஷ்யாவில் 1993இல் கிடைத்த ஒரே ஒரு ரீல், சுமார் 9 நிமிடம்.

ஐரோப்பாவில் நடித்ததில் பாப்ஸ்ட் இயக்கிய 'தி ஜாய்லெஸ் ஸ்ட்ரீட்' (1925) முக்கியம். பல நாட்டுத் தணிக்கை அதைக் கண்டபடி வெட்டியது. ஆஸ்டா நீல்சன் நடித்த கொலைக் கதை முழுவதும் போய்விட்ட பிரதிகள்கூட உண்டு. மீட்டெடுத்த வடிவம் இரண்டரை மணி நேரம் ஓடும். ஒரு மணி நேரத்தில் முடிந்தால் கதை புரியாதது உங்கள் குற்றமல்ல.

கடைசிக்கு 'தி கிஸ்' (1929) வையுங்கள். எம்.ஜி.எம்.மின் கடைசி மௌனப்படமும் அதுதான், ஒரு மணி நேரச் சொச்சம். முடிந்த கையோடு குரலையும் கேட்க ஆசைப்பட்டால் 'அன்னா கிறிஸ்டி' (1930) இருக்கிறது; அதில் அவர் வாய் திறக்க சுமார் 16 நிமிடம் காத்திருக்க வேண்டும்.